ஆட்டிசம், மனநல சிகிச்சை மையத்தின் சுவர்களில் என்ன வரையலாம்?

கேள்வி: தூரிகை_திருச்சி

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஓர் அறக்கட்டளை தொடங்கவிருக்கும் சிகிச்சை மையத்திற்குச் சுவரோவியம் வரைந்து தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். கீழ்த்தளத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), சிறப்புக் கல்வி ஆகியவை நடக்கும். மேல்தளத்தில் மனநல மருத்துவரும் உளவியல் ஆலோசகர்களும் பெரியவர்களைப் பார்ப்பார்கள். வாசலும் காத்திருப்புக் கூடமும் இரு தளத்தாருக்கும் பொது. கூடத்திலிருந்து ஒரு நீண்ட நடைவழி உள்ளே செல்கிறது. அதன் இருபுறமுமாக மொத்தம் ஐந்து அறைகள் உள்ளன.

இதுவரை நான் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும்தான் வரைந்திருக்கிறேன். அடர்ந்த மஞ்சள், சிவப்பு, சிரிக்கும் விலங்குகள், சுவர் நிறைய எழுத்துகளும் எண்களும் என்று அங்கே வரைந்தவை குழந்தைகளுக்குப் பிடித்திருந்தன. மையத்தின் நிர்வாகக் குழுவினரும் அதே போல "கலகலப்பாக" இருக்க வேண்டும் என்கிறார்கள். காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெரிய ஆலமரமும் அதன் நிழலில் பல வயது மனிதர்களின் சிரித்த முகங்களும், ஐந்து அறைகளுக்குள் ஐந்திணைக் காட்சிகளும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதைப் பார்த்த சிகிச்சையாளர் ஒருவர், "அறைச் சுவர்களைத் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சொன்னார். வெற்றுச் சுவர் மருத்துவமனையை நினைவூட்டி அச்சுறுத்தாதா என்பது என் ஐயம்.

எந்த நிறங்கள், எத்தகைய உருவங்கள் இங்கே வருபவர்களை வரவேற்கும், எவை விரட்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இரு வேறு தேவையுள்ளவர்கள் சேர்ந்து அமரும் பொதுக்கூடத்தை எப்படிக் கையாள்வது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது.

பதில்: சேலம்_தெரபிஸ்ட்

வணக்கம் ஐயா. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். அந்தச் சிகிச்சையாளர் கேட்டது மிகச் சரி என்றே சொல்வேன். சிகிச்சை அறையில் குழந்தை பார்க்க வேண்டியது மேசைமேல் இருக்கும் பொருளையோ எதிரே அமர்ந்திருப்பவரையோதான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளால் தேவையற்ற காட்சியை ஒதுக்கிவிட்டுத் தேவையானதை மட்டும் பார்ப்பது எளிதில் இயலாது. சுவரில் உள்ள ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு எழுத்தும் ஒரே வலுவோடு வந்து மோதும். பள்ளிச் சுவரில் மகிழ்ச்சி தந்த அதே படம் இங்கே அரைமணி நேரப் பயிற்சியைக் குலைத்துவிடும். எனவே அறைகளுக்குள் ஒரே வெளிர் நிறம் போதும். குழந்தை அமரும் திசைக்கு எதிர்ச்சுவர் கட்டாயம் வெறுமையாக இருக்கட்டும்.

வெறுமை அச்சுறுத்தும் என்ற உங்கள் ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இந்தக் குழந்தைகளை அதிகம் அச்சுறுத்துவது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை. கெய்ரோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மக்தா மொஸ்தஃபா, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான கட்டடங்களுக்கென்று ஏழு கோட்பாடுகளை வகுத்திருக்கிறார். அவற்றுள் ஓவியருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியவை மூன்று: இடங்களை ஒரு வரிசையில் புரியும்படி அமைத்தல், ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் முன் புலன்கள் தணிய ஓர் இடைவழி தருதல், தாங்க முடியாதபோது ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை வைத்தல். உங்கள் தூரிகைக்கு உண்மையான வேலை அந்த நீண்ட நடைவழியில்தான் இருக்கிறது. கூடத்தில் தொடங்கி நடைவழியின் கடைசி வரை, குழந்தையின் தோள் உயரத்தில், ஒரு கையகல நீலப் பட்டையாகக் காவிரியை ஓடவிடுங்கள். குழந்தை அதைத் தொட்டுக்கொண்டே நடக்கலாம். ஒவ்வொரு கதவருகிலும் அந்த ஆற்றோரத்தில் ஒரே ஒரு பொருள் இருக்கட்டும். பேச்சுப் பயிற்சி அறைக்கு மீன் என்றால், சிகிச்சையாளர் கையில் வைத்திருக்கும் அன்றைய வேலை அட்டையிலும் அதே மீன், அதே நிறத்தில், அதே வடிவில் இருக்க வேண்டும். பேச்சு வராத குழந்தையும் அட்டையைப் பார்த்துத் தன் அறையைத் தானே கண்டுபிடிக்கும். அப்படித் தானாக ஒரு கதவைத் திறக்கும் குழந்தையின் நடையில் தெரியும் உறுதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காகவே இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி: பிரான்சில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் இல்லாத சிறுவர்களோடு ஒப்பிட்டபோது அவர்களுக்கு மஞ்சள் குறைவாகவும் பச்சையும் பழுப்பும் அதிகமாகவும் பிடித்திருந்தன. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அடர்ந்த மஞ்சள் கூசுகிறது என்பது நான் பணியில் காண்பதோடு ஒத்துப்போகிறது. நிறத்தின் பெயரைவிட அதன் அடர்த்தியும் பளபளப்பும்தான் முக்கியம். சாம்பல் கலந்து தணித்த பச்சை, மண் நிறம், வெளிர் நீலம் ஆகியவை நம் வெயிலுக்கும் இதமானவை.

நெருங்கிய பட்டைகளை எங்கும் வரையாதீர்கள். நம் ஊர்க் கோயில் மதில்களின் காவியும் வெள்ளையும் போன்ற அகலப் பட்டைகள் திறந்த வெளியில் தொலைவிலிருந்து பார்க்க அழகானவை. அவற்றையே சிறிதாக்கி ஒடுங்கிய நடைவழியில் வரைந்தால் கண் கூசித் தலை வலிக்கும். பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ மூன்று கறுப்பு வெள்ளை இணைகள் விழும்போதுதான் கண் மிகவும் வருந்துகிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஆர்னல்ட் வில்கின்ஸின் ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு, ஓர் இணை இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் இருந்தால் இந்த அளவு வந்துவிடும். ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இது வெறும் அழகு பற்றிய கேள்வி இல்லை. நெருக்கமான சிக்குக் கோலத்திற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதில்: கோவை_அம்மா

என் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. பேச்சு மிகக் குறைவு. ஐந்து வயதிலிருந்து அவனைப் பல மையங்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒரு தாயாக நான் கவனித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சிறு வயதில் அவன் சென்ற ஒரு மையத்தின் கூடத்தில் பெரிய சிவப்புப் பேருந்தை வரைந்திருந்தார்கள். அவன் அதைப் பார்த்ததும் பேருந்தில் ஊருக்குப் போகப் போகிறோம் என்று எண்ணிக்கொள்வான். போகாதபோது அழுது புரள்வான். படத்தைப் படமாக மட்டும் எடுத்துக்கொள்ளாத குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். அதனால் சுவரில் பொய்க் கதவு, பொய்ச் சன்னல், உள்ளே நீண்டு செல்வது போன்ற பாதை ஆகியவை வேண்டாம். ஓடிப்போய் மோதிக்கொள்ளும் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். சுழலும் சக்கரம், மின்விசிறி ஆகியவற்றையும் தவிருங்கள். சில குழந்தைகள் அதன் முன் நின்றால் அங்கிருந்து நகர்த்தவே முடியாது. பிறகு அந்த இழுபறியே ஒவ்வொரு நாளும் தாய்க்குப் பெரும் பாடாகிவிடும்.

இன்னொன்று, வயது. சிரிக்கும் கரடியும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரங்களும் வரைந்த கூடத்தில் மீசை முளைத்த என் மகன் அமர்ந்திருக்கும்போது, வருபவர்கள் அவனையும் கைக்குழந்தையைப் போலவே கொஞ்சிப் பேசுகிறார்கள். அவன் பேசாவிட்டாலும் அது அவனுக்குப் புரிகிறது, முகம் சுருங்குகிறது. உங்கள் மையத்தில் மேல்தளத்திற்குச் செல்லும் பெரியவர்களும் அதே கூடத்தில் அமர்வார்கள் என்கிறீர்கள். மரம், ஆறு, பறவை, வயல் ஆகியவை ஐந்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் பொருந்தும். எந்த வயதினரையும் சிறுமைப்படுத்தாத படம் எதுவோ அதை வரையுங்கள்.

வரைந்து முடித்ததும் வாசலிலிருந்து ஒவ்வொரு கதவு வரை வரிசையாகப் படமெடுத்து, முதல் முறை வரும் குடும்பத்திற்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி மையத்தாரிடம் சொல்லுங்கள். முந்தைய நாள் இரவே அதைக் காட்டிப் பேசி வைத்தால் மறுநாள் வாசற்படியில் நடக்கும் போராட்டம் பாதியாகக் குறையும். அதே காரணத்தால், ஒருமுறை வரைந்ததை அடிக்கடி மாற்றவும் கூடாது.

பதில்: அமைதிவிரும்பி

நான் ஆட்டிசம் உள்ளவன். மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். மனச்சோர்வுக்காகச் சில ஆண்டுகளாக ஆலோசனையும் பெற்று வருகிறேன். எனவே உங்கள் கட்டடத்தின் இரு தளங்களுக்கும் உரியவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம்.

முகங்களை வரைவது பற்றி முதலில் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்ப்பது எனக்கு உடல்வலியைப் போன்ற சோர்வைத் தருவது. சுவர் முழுவதும் முகங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும் கூடத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் அமர்வேன். மனிதர்களை வரைந்தே ஆக வேண்டுமென்றால், அவர்கள் தம் வேலையில் ஈடுபட்டவர்களாக, பக்கவாட்டிலோ முதுகு காட்டியோ, தொலைவில் சிறிதாக இருக்கட்டும்.

கூடத்தின் நான்கு சுவர்களில் ஒன்றில் மட்டும் ஓவியம் இருந்தால் நல்லது. படம் வேண்டியவர் அதை நோக்கியும் வேண்டாதவர் அதற்கு முதுகு காட்டியும் அமரும்படி நாற்காலிகளைப் போட முடியும். தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைப்பதையே நான் வரவேற்பாக உணர்கிறேன். கூடத்தில் பழைய டியூப் லைட்டுகள் இருந்தால் ஓவியத்திற்கு முன்பாகவே அவற்றை மாற்றச் சொல்லுங்கள். பழைய சோக் வைத்த குழல் விளக்கு நம் நாட்டு மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது; பலர் இதைக் கவனிப்பதில்லை, எங்களில் சிலருக்கு இது தெரிகிறது. அந்த ஒளி பளபளப்பான பெயின்ட் மீது பட்டால் சுவரே துடிப்பது போலிருக்கும்.

ஆட்டிசத்தின் அடையாளமாகப் பலர் பயன்படுத்தும் புதிர்த் துண்டுச் சின்னத்தை எங்கும் வரைய வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். 1963-இல் பிரிட்டனில் பெற்றோர் அமைப்பொன்று அதைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அதன் நடுவில் ஓர் அழும் குழந்தையின் உருவம் இருந்தது. எங்களில் பலர் எங்களை விடுபட்ட துண்டுகளாக எண்ணிக்கொள்வதில்லை.

பதில்: மதுரை_மனநலப்பணி

மனநல சமூகப் பணியாளர் என்ற முறையில் மேல்தளத்தைப் பற்றியும் பொதுக்கூடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

உங்கள் ஆலமரம் நல்ல தேர்வு. 1984-இல் சயன்ஸ் இதழில் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது உண்மையான மரத்தைப் பற்றிய ஆய்வு, வரைந்த மரத்தைப் பற்றியது இல்லை என்பதை நாம் நேர்மையாக நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் கூடத்தில் எந்தச் சன்னல் வழியாகவாவது ஒரு வேம்பு தெரிந்தால், அந்தச் சன்னலைத் திறந்து வைத்து, அதன் அருகிலுள்ள சுவரை அமைதியாக விடுவதே முதல் வேலை. அதே உல்ரிச், நோயாளிகள் தெளிவான இயற்கைக் காட்சிகளை விரும்புவதையும், பொருள் விளங்காத அரூப ஓவியங்கள் சிலருக்குக் கலக்கம் தருவதையும் பிற்கால ஆய்வுகளில் எழுதியிருக்கிறார். கலங்கிய மனம், விளங்காத உருவத்தில் தன் அச்சத்தையே படித்துக்கொள்கிறது.

முகங்களைப் பற்றி முந்தைய நண்பர் சொன்னதை வேறொரு காரணத்தால் நானும் வலியுறுத்துகிறேன். மனச்சிதைவு உள்ள ஒருவர், தம்மை யாரோ எப்போதும் கண்காணிக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு போராடிக்கொண்டிருக்கலாம். நேராக நோக்கும் கண்கள் அவருக்கு எத்தகைய வரவேற்பாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் உள்ள மாபெரும் முகங்களை நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன். தெருவில் நடப்பவர் அவற்றைக் கடந்து போய்விடலாம், காத்திருப்புக் கூடத்தில் இருப்பவரால் முடியாது. குறிஞ்சி என்று மயிலை வரைந்தால் தோகையின் கண்களும் நம்மை நோக்கும் கண்களாகவே தெரியும் என்பதை மறவாதீர்கள். கோமாளி உருவமும் வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் மருத்துவமனை அலங்காரம் குறித்து நான்கு முதல் பதினாறு வயது வரையான 250-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டபோது, கோமாளிப் படங்களை எல்லா வயதுக் குழந்தைகளும் வெறுத்தார்கள் என்று 2008-இல் செய்தி வெளியானது. குழந்தைகளுக்கு இது பிடிக்கும் என்று பெரியவர்கள் தாமாக முடிவு செய்வதில் உள்ள ஆபத்துக்கு இதுவே போதுமான சான்று.

மனநல மையங்களில் வழக்கமாகக் காணும் சில படங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் அமர்ந்திருக்கும் மனிதர், நூல்கண்டு சிக்கலாக வரைந்த மூளை, அறுந்து விழும் சங்கிலி ஆகியவை நோயை நினைவூட்டுகின்றன. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று நடந்த தீவிபத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் உயிரிழந்ததை மறக்காத மாவட்டங்களிலிருந்து உங்களிடம் ஆட்கள் வருவார்கள். அறுந்ததாக இருந்தாலும் சங்கிலியை வரையவே வேண்டாம். "தன்னம்பிக்கையே வெற்றி" போன்ற வாசகங்களும் வேண்டாம். கடும் மனச்சோர்வில் இருப்பவர் அதைத் தம்மீது சுமத்தும் குற்றச்சாட்டாகவே படிப்பார். இளஞ்சிவப்பு அடித்தால் கோபம் தணியும் என்று யாராவது சொன்னால், 1979-இல் அமெரிக்கச் சிறை அறையொன்றில் தொடங்கிய அந்த நம்பிக்கையைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வருபவர்களையும் பங்கேற்கச் செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2016-இல் தொடங்கிய ஹாஸ்பிடல் ரூம்ஸ் என்ற அறக்கட்டளை, மனநல மருத்துவமனைகளில் ஓவியர்களை வரைய அனுப்பும் முன், அங்குள்ள நோயாளிகளோடும் ஊழியர்களோடும் பட்டறைகள் நடத்தி, அவர்கள் என்ன பார்க்க விரும்புகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்கிறது. உங்கள் மையம் இன்னும் திறக்கவில்லை என்பதால், அறக்கட்டளையோடு ஏற்கெனவே தொடர்பிலுள்ள குடும்பங்களை அழைத்துச் சிறிய நிறமாதிரிகளைக் காட்டிக் கேட்கலாம். பேசாதவர்கள் கையால் தொட்டுக் காட்டட்டும். பங்கேற்பவரின் பெயரோ நோயோ சுவரில் எங்கும் வரக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை அவர்களின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

பதில்: பெயின்ட்_காண்ட்ராக்டர்

வரைவது பற்றி மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். எதைக்கொண்டு வரைவது என்பதை நான் சொல்கிறேன்.

சில குழந்தைகள் சுவரை நக்குவார்கள், பெயர்ந்த பெயின்டைச் சுரண்டித் தின்பார்கள். உணவல்லாததைத் தின்னும் இந்தப் பழக்கத்தை மருத்துவர்கள் பைக்கா என்பார்கள். எனவே ஈயம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பர் முதல் நடப்புக்கு வந்தது. டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஞ்சிய பழைய டப்பாக்களைப் பயன்படுத்த வேண்டாம். கட்டடம் பழையது என்றால் கிராதியிலும் கதவிலும் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாமல், நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

தண்ணீர் கலந்து அடிக்கும், வாசனை குறைந்த, கழுவக்கூடிய, பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் வாங்குங்கள். மேலே வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும் என்றால் அதுவும் மேட் வகையாக இருக்கட்டும். ஓதம் ஏறும் சுவரில் எவ்வளவு நல்ல ஓவியமும் நிற்காது. பட்டி உப்பி, பெயின்ட் செதில் செதிலாக வந்தால் மேலே சொன்ன ஆபத்துதான். ஆகவே மழைக்காலத்திற்கு முன்பே ஓதத்தைச் சரிசெய்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே தூரிகையை எடுங்கள். வேலை முடிந்ததும் சன்னல்களைத் திறந்து இரண்டு மூன்று வாரமாவது காற்றாட விட்டுவிட்டு, அதன் பிறகு திறப்பு விழா வைக்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாத வாசனைகூட அந்தக் குழந்தைகளுக்கு உறைக்கும். பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்தின் எண்ணையும் எழுதி மையத்தில் கொடுத்துவிடுங்கள். கை படும் இடத்தில் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் அதே நிறத்தில் ஒட்டுப்போட வசதியாக இருக்கும்.

கேள்வியாளர் மறுமொழி: தூரிகை_திருச்சி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிர்வாகக் குழுவிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டி, திட்டத்தை மாற்றிவிட்டோம். அறைகளுக்குள் ஓவியம் இல்லை. ஐந்திணைக் காட்சிகளைக் கைவிட்டு, நடைவழியில் ஆற்றையும், கதவுகளருகே மீன், நாரை, தென்னை, படகு, வாழை என்று ஐந்து பொருள்களையும் வரைகிறேன். கூடத்தில் ஒரு சுவரில் மட்டும் ஆலமரம் வரும். நிழலில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். வரும் ஞாயிறு சில குடும்பங்களை அழைத்து நிறமாதிரிகளைக் காட்டப்போகிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. மேல்தளத்திற்குச் செல்லும் படிக்கட்டின் சுவர் பெரியது, கூடத்திலிருந்தே தெரிகிறது. அதை எப்படி விடுவது?

பதில்: சேலம்_தெரபிஸ்ட்

ஐயா, ஆற்றைப் படிக்கட்டில் ஏற்ற வேண்டாம். குழந்தைகள் அதைத் தொடர்ந்து மேலே ஏறிவிடுவார்கள். கீழ்த்தளத்து ஆறு நடைவழிக்கே உரியதாக இருக்கட்டும். படிக்கட்டுச் சுவரைக் கூடத்தின் மற்ற மூன்று சுவர்களின் நிறத்திலேயே அடித்துவிட்டு, கைப்பிடிக் கம்பிக்கும், ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் மட்டும் தெளிவாக வேறுபடும் அடர்நிறம் கொடுங்கள். மருந்தின் தாக்கத்தால் தலைசுற்றலோடு இறங்குபவர்களுக்கு அங்கே தேவைப்படுவது அதுதான். ஞாயிறன்று நிறமாதிரிகளைக் காட்டும்போது குழல் விளக்கை அணைத்துவிட்டு, மையத்தில் பிற்பாடு எந்த விளக்கு இருக்குமோ அதன் ஒளியிலேயே காட்டுங்கள்.